கண்ணில் ஊசி போடப்போவது நர்ஸா?

கேள்வி: லண்டன், ஹாரோவில் இருக்கிறோம். மதுரைக்காரரான அப்பாவுக்கு 74 வயது. வலது கண்ணில் 'வெட் மாக்குலா' என்று சொல்லி, மாதம் ஒரு ஊசி என்றார்கள். போடப்போவது டாக்டர் இல்லை, நர்ஸ் என்று தெரிந்ததும், "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்" என்று அடம்பிடிக்கிறார். முதல் தேதி தவறிவிட்டது. என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் மருத்துவமனைக்குப் போன் செய்து புதுத் தேதி வாங்குங்கள், நாளைக்கே. இந்த நோயில் மாக்குலா என்ற விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. அந்த இடம் தழும்பாகிவிட்டால் இழந்த பார்வை திரும்பாது. நர்ஸ் கையைவிட, தள்ளிப்போகும் வாரங்களுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

அப்பாவின் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். கண் ஆயிற்றே! ஆனால் அங்கே இது புதுப் பழக்கம் இல்லை. 2008-இல் இந்த நோய்க்கான ரானிபிசுமாப் என்ற ஊசி மருந்துக்கு அரசு மருத்துவச் சேவையில் ஒப்புதல் கிடைத்தபின், மாதாமாதம் ஊசிக்கு வருகிறவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். டாக்டர்கள் போதவில்லை. அதனால் அனுபவமுள்ள கண் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டர் பக்கத்தில் நிற்க, குறிப்பிட்ட எண்ணிக்கையில் போட்டுக் காட்டித் தேறினால்தான் தனியாகப் போட முடியும். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் நர்ஸ்கள் போட்ட முதல் 10,000 ஊசிகளைக் கணக்கெடுத்து 2014-இல் வெளியிட்டார்கள். கண்ணுக்குள் கிருமித்தொற்று வந்தது 4 பேருக்கு. டாக்டர்கள் போடும்போதும் ஏறக்குறைய இதே அளவுதான்.

அப்பா மதுரை அரவிந்தில் கண் காட்டியிருந்தால் நினைவிருக்கும். பார்வை சோதிப்பது, சொட்டு மருந்து விடுவது, ஆபரேஷனுக்குத் தயார்செய்வது எல்லாம் அங்கே பயிற்சி பெற்ற பெண்கள்தான். கத்தி மட்டும் டாக்டர் கையில். லண்டனில் ஊசியும் ஒரு படி தாண்டி நர்ஸ் கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். என்ன நோய், எந்த மருந்து என்ற முடிவு கண் டாக்டர் குழுவுடையதுதான்.

உள்ளே என்ன நடக்கும் என்று அப்பாவுக்குச் சொல்லிவையுங்கள். மரத்துப்போக சொட்டு மருந்து, அப்புறம் கிருமி நீக்க அயோடின், இமையைத் திறந்து பிடிக்க ஒரு சின்னக் கம்பி. கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் அளந்து வெள்ளைப்பகுதியில் குறி வைப்பார்கள். மருந்து 0.05 மில்லி, ஒரு சொட்டுதான். ஊசி உள்ளே இருப்பது சில விநாடிகள். உடனே விரலைக் காட்டி, "எத்தனை?" என்று கேட்பார்கள்.

அன்று மாலை கண் எரிந்தால் பெரும்பாலும் அது அயோடின். ஆனால் அடுத்த சில நாட்களில் வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே அவர்கள் தந்த அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. ஊசிக்கு முன் அப்பாவையே அந்த நர்ஸிடம் பேச வையுங்கள். "இதுவரை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள்?" என்று தாராளமாகக் கேட்கட்டும். அப்படிக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அவருக்கு ஆங்கிலம் சிரமம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.