ஆமா போட ஓர் ஆள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

உங்கள் கிணற்றுக் கதை வரிசையின் முதல் பாகத்தை நண்பர் டெலிகிராமில் அனுப்பிய பிடிஎஃப்பில் படித்தேன் (மன்னிக்கவும்). இரண்டாம் பாகத்தை அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் முறையாகவே படித்தேன். மூன்றாம் பாகம் எப்போது வரும்? உங்கள் தளத்தில் ‘எழுதி முடித்தது 64%’ என்று ஒரு பச்சைப் பட்டை இருந்தது. ஒரு நாள் அது 41% ஆனது. அப்புறம் பட்டையையே காணோம். வெளிநாட்டு எழுத்தாளர்கள் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். காத்திருக்கும் வாசகனுக்கு அந்த மரியாதையாவது தரலாமே. இல்லையென்றால் வாரம் ஓர் அத்தியாயமாகத் தளத்திலேயே போடலாம். ஒரு வரைபடமும் இருந்தால் நல்லது. ஏழு ஊர்களில் எது எங்கே இருக்கிறது என்று குழம்புகிறது.

நான் ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். இரவு வீட்டில் இருக்கும் நாட்களில் அம்மாவுக்கு உங்கள் கதையை வாசித்துக் காட்டுவேன். அவருக்குக் கண் சரியில்லை. கிணற்றுக் கிழவி வந்தால் ‘ம், அப்புறம்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டாம் பாகத்தில் போர் வரும் இடத்தில் மட்டும் தூங்கிவிட்டார். மாத்திரை சாப்பிடுவதால் இருக்கலாம்.

பெயர் வெளியிட வேண்டாம்.

ஓசூர் வாசகர்

*

அன்புள்ள ஓசூர் நண்பருக்கு,

மாத்திரையின் மேல் பழியைப் போடாதீர்கள். அந்தப் போர் இருபத்திரண்டு பக்கம். எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. அம்மா தூங்கியதில் ஒரு தப்பும் இல்லை.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வரைபடம் கிடையாது. ஏழு ஊரும் எங்கே இருக்கின்றன என்று எனக்கே பாதிதான் தெரியும், வழி கேட்டுக்கொண்டு போங்கள். வாரம் ஓர் அத்தியாயம் தளத்தில் போடுவதும் நடக்காது. கிண்டில் அன்லிமிடெட்டில் புத்தகத்தைச் சேர்த்தால், 90 நாள் தவணை முடியும்வரை அதன் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது. மாதிரிக்குப் பத்து சதவீதம் காட்டலாம், அவ்வளவுதான். எழுதும்போது தளத்தில் போட்டுவிட்டு, முடிந்ததும் அழித்துவிட்டு அங்கே சேர்க்கலாமே என்பீர்கள். நான் அழிப்பேன். உங்கள் நண்பர் அழிப்பாரா?

அந்த பிடிஎஃப் பற்றி. மன்னிப்பை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் ஆயிற்றா? முதல் பாகத்தின் விலை எழுபது ரூபாய். அட்டை வரைந்தவருக்கும் பிழை திருத்தியவருக்கும் என் கைக்காசைத்தான் கொடுத்தேன். எனக்குப் பின்னால் பதிப்பகம் கிடையாது. நானும் ஒரு பழைய லேப்டாப்பும்தான். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், அப்படியே நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். சரி, விடுவோம்.

பட்டைக்கு வருகிறேன். 64 எப்படி 41 ஆனது என்று ஒரே வாரத்தில் ஒன்பது பேர் கேட்டார்கள். எனக்கு எழுதுகிறவர்களே மொத்தம் அவ்வளவுதான். நடந்தது இது: இளவரசன் தெற்கே போகும் பயணம் முழுக்கப் பொய் என்று ஒரு நாள் காலையில் தெரிந்தது. ஏழு அத்தியாயங்களைத் தூக்கிப் போட்டேன். எனக்கு அது அந்த வருடத்திலேயே நல்ல நாள். பட்டையில் பார்த்தவர்களுக்கு நான் வேலை செய்யாமல் ஏமாற்றிவிட்ட நாள்.

இன்னொன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாம் பாகம் எழுதும்போதும் பட்டை இருந்தது. எண்ணூறு சொல் எழுதினால் ஒரு சதவீதம் ஏறும். ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்து, இன்றைக்கு ஒன்றாவது ஏற்றிவிட வேண்டும் என்று எழுதுவேன். அப்படி ஏற்றிய சதவீதங்கள்தான் அந்தப் போர். யானைப்படை வந்தது, குதிரைப்படை வந்தது, ஒவ்வொரு தளபதிக்கும் ஒரு பத்தி. பட்டைக்காக நான் எழுதிய இடத்தில் உங்கள் அம்மா சரியாகத் தூங்கியிருக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வெளிநாட்டு எழுத்தாளர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். பிராண்டன் சாண்டர்சனைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் மிகுபுனைவு எழுதுகிறவர். எந்த நாவல் எத்தனை சதவீதம் என்று அவர் தளத்தில் பட்டைகள் உண்டு, உண்மைதான். அதே மனிதர் 2022 மார்ச்சில் என்ன சொன்னார் தெரியுமா? கொரோனா காலத்தில் யாருக்கும் தெரியாமல் நான்கு நாவல்களை எழுதி வைத்திருக்கிறேன் என்றார். அவற்றை, ஆதரவாளர்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வைத்தார். 1,85,341 பேர் சேர்ந்து 4 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். எல்லோரும் அந்தத் தொகையைத்தான் பேசினார்கள். எனக்குப் பிடித்தது வேறு. உலகத்திலேயே ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிற எழுத்தாளர் அந்த நான்குக்கும் பட்டை வைக்கவில்லை. முதல் கதையைத் தன் மனைவிக்காக எழுதியதாகச் சொன்னார். லட்சம் பேர் வாசகர்களாக இருக்கிறவருக்கும் எழுதும்போது எதிரே ஓர் ஆள் போதுமாக இருந்திருக்கிறது.

அந்த ஓர் ஆளைப் பற்றித்தான் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதமும் சரியாக வந்து சேர்ந்தது.

என் அம்மாவின் ஊர் பணகுடிப் பக்கம். சுடலைமாடன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, வில்லுப்பாட்டு வைப்பார்கள். பெரிய மாமா அந்தக் குழுவில் இருந்தார். பகலில் சைக்கிள் கடை, கொடை மாதங்களில் வில்லு. நடுவில் அண்ணாவி உட்கார்ந்து வீசுகோலால் வில்லை அடித்துக் கதை பாடுவார். மணிகள் குலுங்கும். ஒரு பக்கம் குடம், ஒரு பக்கம் உடுக்கை. மாமா இடத்தே, அதாவது அண்ணாவிக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, பாடுகிறவர். அண்ணாவி ஒரு வரி முடித்தால் மாமா ‘ஆமா’ என்பார். ராத்திரி முழுக்க அதுதான் வேலை. சின்ன வயதில் எனக்கு அது கேவலமாக இருந்தது. இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஆமா ஆமா என்று உட்கார்ந்திருப்பதா?

ஒரு வருடம் கொடையன்று மாமாவுக்குக் காய்ச்சல். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனை உட்கார வைத்தார்கள். நல்ல குரல், ஓர் இடத்தில்கூடத் தாளம் தப்பவில்லை. ஆனால் அண்ணாவிக்குக் கதை ஓடவில்லை. ஒரே இடத்தை இரண்டு தரம் பாடினார். சுக்குக் காப்பி கேட்டார். மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் வில்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுந்து, மாமாவைக் கூட்டி வரச் சொன்னார். போர்வையைச் சுற்றிக்கொண்டு மாமா வந்து உட்கார்ந்தார். தொண்டை கட்டிப்போய், பாதி ஆமா காற்றாகத்தான் வந்தது. ஆனால் கதை கிளம்பிவிட்டது.

மறுநாள் மாமாவிடம் கேட்டேன், அந்த அண்ணன் நன்றாகத்தானே போட்டார் என்று. “அவன் தாளத்துக்கு ஆமா போட்டாம்லே. கதைக்குப் போடல” என்றார்.

அதற்கப்புறம் நான் மாமாவின் வாயையே பார்க்க ஆரம்பித்தேன். நம்புகிற ஆமா ஒன்று உண்டு. சந்தேக ஆமா ஒன்று, அதைக் கேட்டால் அண்ணாவி திரும்பிப் போய் விளக்குவார். அழுகைக்கு முன்னால் வரும் ஆமா பாதியில் அறுந்துவிடும். பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிவிட்டால் ஓங்கி ஒரு ஆமா வரும். உடனே அண்ணாவி வர்ணனையை விட்டுவிட்டுச் சண்டைக்குத் தாவுவார். சாமக்கொடைக்குப் பூசை தயாராகவில்லை என்று ஆள் வந்து காதில் சொன்னால், காட்டுவழியில் இன்னொரு காட்டைப் போட்டுக் கதையை இழுப்பார். பூசை தயார் என்றால் ஒரே மூச்சில் கொண்டுவந்து சாமியாடி முன்னால் நிறுத்துவார். கதை எத்தனை சதவீதம் முடிந்தது என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால் வீசுகோல் பறந்து வந்திருக்கும்.

நாம் என்னடாவென்றால் ‘ஆமாம் சாமி போடுகிறவன்’ என்பதை வசவாக்கி வைத்திருக்கிறோம். சும்மா தலையாட்டுகிறவனுக்கும் கதையைத் தாங்குகிறவனுக்கும் ஒரே பெயர். வேதாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவன் வாய் திறந்தால் அது மரத்துக்குப் பறந்துவிடும் என்பது ஒப்பந்தம். ஆனாலும் ஒவ்வொரு கதை முடிவிலும் ஒரு கேள்வி கேட்டு விக்கிரமாதித்தனின் வாயை அதுதானே திறக்க வைக்கிறது? மறுமொழி இல்லாமல் பேய்க்கும் முடியவில்லை.

எனக்கு ஆமா போட இருப்பது அமேசானின் கணக்குப் பக்கம். நேற்று எத்தனை பக்கங்கள் படிக்கப்பட்டன என்று ஒரு கட்டம் காட்டும், பக்கத்துக்குப் பைசாக் கணக்கில் பணம் வரும். யார் படித்தார், எந்த வரியில் நின்றார் என்பது அதில் இருக்காது. ஒரு செவ்வாய்க்கிழமை திடீரென்று 388 பக்கம் காட்டியது. யாரோ ஒருவர் மொத்தப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் முடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு யாரிடமும் கோபப்படவில்லை, வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்தக் கட்டம் தாளத்துக்கு ஆமா போடுகிற பையன்தான். ஒருவர் ஒரு பக்கத்தை முதல்தரம் படித்தால்தான் அதற்குக் கணக்கு. பக்கத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு ‘ம், அப்புறம்?’ என்று ஒருவர் கேட்பது அதன் கண்ணில் படாது. ஓசூரில் இவ்வளவு நாள் என் கதைக்கு ஆமா விழுந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அதை நீங்கள் கடிதத்தின் கடைசியில், ஷிப்டுக்கும் மாத்திரைக்கும் நடுவே, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மேலே அத்தனை வரியும் பட்டைக்கு!

மூன்றாம் பாகத்துக்குத் தேதி சொல்லமாட்டேன். கிழவி கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறாள், இன்னும் தண்ணீர் தட்டுப்படவில்லை. நடுவே இரண்டாம் பாகத்தின் போரையும் வெட்டப் போகிறேன். மின்புத்தகத்தில் அந்த வசதி இருக்கிறது, திருத்திய கோப்பை ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு எனக்கு ஒரு உதவி வேண்டும். அடுத்த வாரம் இரவு வீட்டில் இருக்கும்போது அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து அம்மாவுக்கு வாசியுங்கள். தூங்கினால் எழுப்ப வேண்டாம். எந்த வரிக்கு அப்புறம் ‘ம்’ வரவில்லை என்று மட்டும் குறித்து அனுப்புங்கள்.

அன்புடன்.