கிராஞ்சியில் பெரியப்பாவின் பெயர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மெல்பர்னில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். காலை 6 மணிக்குச் சிங்கப்பூரில் இறங்கினால் அடுத்த விமானம் பிற்பகல் 3 மணிக்கு. என் கணவரின் பெரியப்பா பட்டாளத்தில் இருந்து 1942இல் சிங்கப்பூரில் இறந்தவர். அங்குள்ள நினைவிடத்தில் அவர் பெயர் இருக்குமா? அதற்குள் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?
(வாசகி, வேலூர்)

பதில்: நேரம் போதும். ஆனால் பெயர் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்துச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம் என்றால் கழுத்து வலிதான் மிச்சம்.

இந்த நினைவிடத்தைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். நம் ஆட்களுக்குப் பட்டாளத்தில் பெரும்பாலும் இனிஷியல் கிடையாது. ஒற்றைப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில்தான் பதிவாகியிருக்கும். எழுத்துக்கூட்டலோ அந்தக் காலத்து கிளார்க்கின் காதுக்கு எட்டியபடி! ‘ஏழுமலை’ என்றால் ஆங்கில ‘இ’யில் தொடங்கியும் ‘ஒய்’யில் தொடங்கியும் பாருங்கள்; ‘ழ’வுக்கு ‘எல்’லும் போடுங்கள், ‘இசட்-எச்’சும் போடுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் பெயரை விட்டுவிட்டு, கூடுதல் தகவல் கட்டத்தில் ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். பல பதிவுகளில் தகப்பனார் பெயர், மனைவி பெயர், ஊர் எல்லாம் இருக்கும். மாவட்டம் மட்டும் பழைய கணக்கு: உங்கள் ஊர் வட ஆற்காட்டில் இருக்கும்.

பதிவு கிடைத்ததும் படைப்பிரிவு, பட்டாள எண், நினைவிடத்தின் பெயர், ‘காலம்’ (column, சுவரில் பெயர் உள்ள பத்தி) எண் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் பெயர்கள் படைப்பிரிவு வாரியாக, அதற்குள் பதவி வாரியாக, அதற்குள் ஆங்கில அகரவரிசையில் வரும். காலம் எண் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

நினைவிடத்தின் பெயரையும் ஊன்றிப் படியுங்கள். ‘சிங்கப்பூர் மெமோரியல்’ என்றால் உடல் கிடைக்காதவர்களுக்கான பெரிய சுவர்கள். ‘சிங்கப்பூர் கிரிமேஷன் மெமோரியல்’ என்றால் அதற்குப் பின்புறம், தகனம் செய்யப்பட்ட சுமார் 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினருக்கு, எழுப்பியது. முன்பக்கத்தோடு திரும்பிவிட்டால் இதைத் தவறவிடுவீர்கள். ‘ரங்கூன் மெமோரியல்’ என்று வந்தால் அது பர்மாவில் உள்ள தவுக்கியானில் இருக்கிறது. கிராஞ்சிக்குப் போய்ப் பயனில்லை.

இன்னொன்று: சிறைப்பட்டோ காணாமலோ போன பலருக்கு இறந்த தேதி தெரியாததால், காணாமல்போன நாளையே பதிவில் போட்டிருக்கிறார்கள். அதை வைத்துத் திதி கணக்கிடாதீர்கள்.

இனி பயணம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய விசாவும் அடுத்த விமானத்துக்கு உறுதியான டிக்கெட்டும் இருந்தால், 96 மணி நேர விசா இல்லா இடைத்தங்கல் வசதியைக் கேட்கலாம். அனுமதிப்பது அதிகாரியின் முடிவு. விதிகள் மாறுபவை, கிளம்பும் வாரத்தில் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் ஒருமுறை பாருங்கள். மின்னணு வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்புங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இல்லாவிட்டால் பெட்டியை எடுத்து, சாங்கி விமான நிலையத்தின் பொருள் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போங்கள்.

சாங்கியிலிருந்து ரயிலில் தானா மேரா. அங்கே மாறி ஜூரோங் ஈஸ்ட். மறுபடி மாறி கிராஞ்சி. ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து வுட்லண்ட்ஸ் சாலையில் கால் மணி நடை. முட்டி வலி இருந்தால் ஆப்பில் டாக்ஸி போடுங்கள். கல்லறைகள் இருப்பது சரிவில், மேலே ஏறித்தான் சுவர்களை அடைய வேண்டும். நிழல் குறைவு, குடையும் தண்ணீரும் அவசியம். திறந்திருப்பது காலை 7 முதல் மாலை 6 வரை. 7 மணிக்கு ரயில் ஏறினால் பத்து மணிக்கு அங்கிருந்து கிளம்பி நிதானமாகத் திரும்பிவிடலாம்.

குங்குமம், எண்ணெய், கற்பூரம் வேண்டாம். கல்லில் ஏறிய கறை போகாது. பூ வைத்தால் போதும். அருகில் வாங்கலாம் என்று நம்பாமல் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது நேர்வெயிலில் செதுக்கிய எழுத்து வெளிறிவிடும். குடையால் நிழல் கொடுத்து, பக்கவாட்டிலிருந்து போன் டார்ச்சைக் காட்டினால் எழுத்து எழும்பி நிற்கும்.

கேள்வி: எங்கள் தாத்தா நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் இருந்து இறந்தவர். அவர் பெயரும் அங்கே இருக்குமா?
(வாசகர், இராமநாதபுரம்)

பதில்: ஐ.என்.ஏ. வீரர் என்ற முறையில் இருக்காது. அது காமன்வெல்த் படையினருக்கானது. நீங்கள் போக வேண்டியது சிட்டி ஹால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள எஸ்பிளனேட் பூங்கா. 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 1995இல் ஓர் அடையாளக் கல் வைத்திருக்கிறார்கள். தனித்தனிப் பெயர்கள் அதில் இல்லை. சாங்கியிலிருந்து போய்வர கிராஞ்சியைவிடப் பக்கம். ஆறு மணி நேர இடைவெளியே போதும்.