சின்ன அடிக்கு கிளெய்ம் போடலாமா, கைக்காசில் முடிக்கலாமா? சர்வேயரிடம் கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் மோட்டார் சர்வேயராக, அதாவது இன்சூரன்ஸ் கிளெய்முக்கு வண்டிச் சேதத்தை மதிப்பிடுகிறவராக, வண்டி பார்த்து வருகிறேன். காரில் சின்ன அடி பட்டால் இன்சூரன்ஸில் கிளெய்ம் போடுவதா வேண்டாமா என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்பதற்கு முன் வொர்க்‌ஷாப்பில் ஒரு எஸ்டிமேட் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

கோட்டையூர்: அண்ணே, ரிவர்ஸ் எடுக்கும்போது வீட்டு வாசல் தூணில் இடித்துப் பின் பம்பர் உடைந்துவிட்டது. எஸ்டிமேட் 11,000. பம்பர் 6,000, பெயின்டிங் 4,000, கூலி 1,000. 1,200 சிசி வண்டி. ஆறு வருஷமாக கிளெய்மே போட்டதில்லை. பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) கிடையாது. போடலாமா?

வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்கள். பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள். பம்பருக்கு 3,000 தான் வரும். பெயின்டிங் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். 4,000-ல் 500 போய் 3,500. கூலி முழுசாக 1,000. ஆக 7,500. இதில் 1,500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,000 ரூபாய். கைக்கு வருவது 6,500. மீதி 4,500 எப்படியும் உங்கள் பணம்தான்.

இப்போது போவது எவ்வளவு என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று போனஸ், அதாவது பிரீமியத் தள்ளுபடி, ஏறும். நீங்கள் உச்சியில் இருக்கிறீர்கள். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ரினியூவலில் அது பூஜ்யம், பிறகு முதல் படியிலிருந்து ஏற வேண்டும். பாலிசியில் ஓடி என்று போட்டிருக்கும் சொந்த சேத பிரீமியம், போனஸ் கழிக்கும் முன் 10,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் 5,000 கூடுதலாகக் கட்டுவீர்கள். அடுத்த வருஷம் 3,000, அப்புறம் 2,500, 1,500, 500. மொத்தம் 12,500, வரி தனி. வண்டி மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் இறங்கும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறையலாம். அப்படியும் 6,500 வாங்க 10,000-க்கு மேல் விடுகிறீர்கள்.

போனஸ் கழிவது ஓடி பிரீமியத்தில் மட்டும்தான். தேர்டு பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான) பிரீமியத்தை அது தொடாது. பாலிசியின் மொத்தத் தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாக வரும்.

ஆத்தங்குடி: புது வண்டி, ஏழு மாதம். பூக்கல் டைல்ஸ் லோடு ஏற்றிய வேன் உரசி ரெண்டு கதவும் போச்சு. எஸ்டிமேட் 22,000. பம்பர் டு பம்பர் இருக்கிறது. கோட்டையூர்க்காரருக்கு வேண்டாம் என்றீர்கள், எனக்கும் அதேதானா?

உங்களுக்கு நேர் எதிர். தயங்காமல் போடுங்கள். நீங்கள் இன்னும் ஏணியில் ஏறவே இல்லை. கிளெய்ம் போட்டால் ஒவ்வொரு படியும் ஒரு வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வருஷத்துக்கு வருஷம் வித்தியாசம் 20, 5, 10, 10, 5 சதவீதம். கூட்டினால் 50. ஓடி பிரீமியம் 10,000 என்றால் மொத்த இழப்பு 5,000. உங்கள் பாலிசியில் தேய்மானமும் கழிக்க மாட்டார்கள். அனேகமாக 20,000-க்கு மேல் வரும். பம்பர் டு பம்பரில் வருஷத்துக்கு இத்தனை கிளெய்ம்தான் என்று பல கம்பெனிகள் வரம்பு வைத்திருக்கும். அதை மட்டும் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி, செக்காலை: எந்தக் கம்பெனியில் போட்டால் நல்லது?

அது என் வேலை இல்லை ஐயா. ஏஜெண்டிடம் கேளுங்கள்.

தேவகோட்டை: நிறுத்தி வைத்திருந்த வண்டியை லாரிக்காரர் இடித்துவிட்டார். தப்பு முழுக்க அவர் மேல். என் போனஸ் ஏன் போக வேண்டும்?

உங்கள் கோபம் நியாயம். ஆனால் உங்கள் பாலிசியில் பணம் வாங்கினால் யார் தப்பு என்று பார்ப்பதில்லை, போனஸ் போய்விடும். அவர் பாலிசியிலிருந்து வாங்க வேண்டுமென்றால் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒரு கதவு டென்டுக்கு யாரும் அவ்வளவு தூரம் அலைவதில்லை.

ஆளுக்கு அடி இல்லாமல், வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் அங்கேயே பேசி அவரிடம் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. முதலில் வண்டியை நகர்த்தாமல் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். லாரி நம்பர் பிளேட் அதில் தெரிய வேண்டும். பணத்தை ஃபோனில் அனுப்பச் சொல்லுங்கள், அதுவே ரசீது. அவரிடம் வாங்கிவிட்டு அதே அடிக்குக் கம்பெனியிலும் கேட்காதீர்கள்.

சிராவயல்: மஞ்சுவிரட்டு அன்று ரோட்டோரம் நிறுத்தியிருந்தேன். மாடு மோதிக் கதவு உள்ளே போய்விட்டது. மாடு இடித்ததற்கெல்லாம் இன்சூரன்ஸ் உண்டா? வண்டிக்கு எட்டு வயது.

உண்டு. வெளியிலிருந்து வந்த விபத்துச் சேதம், அவ்வளவுதான். ஆனால் எட்டு வயது வண்டியில் கதவை மாற்றினால் உலோக பாகத்துக்கு 40% தேய்மானம் போகும். கதவு கிழியவில்லை என்றால் மாற்றவே வேண்டாம், டிங்கரிங் பார்த்து பட்டி போட்டு எடுத்துவிடலாம். தேய்மானம் புதிதாக மாற்றும் பாகத்துக்கும் பெயின்ட் மெட்டீரியலுக்கும்தான், டிங்கர் கூலிக்கு இல்லை. நல்ல டிங்கர் ஒருவரிடம் காட்டிவிட்டு எஸ்டிமேட்டோடு வாருங்கள்.

புதுவயல்: அண்ணே, பள்ளத்தூர் ரோட்டில் நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரில் முன்பக்கம் இடித்துவிட்டேன். பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் போச்சு. போன வருஷம் பின் கதவில் விழுந்த கீறலும், இடது கண்ணாடியும் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றையும் இதோடு சேர்த்துப் போட்டுவிடலாம் என்று வொர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். போடலாமா?

கூடாது. ஒரு சம்பவத்துக்கு ஒரு கிளெய்ம். பழையது வேறு சம்பவம். அதற்குத் தனியாகத் தகவல் கொடுத்திருக்க வேண்டும், கட்டாயக் கழிவும் தனியாகப் போகும்.

கண்டனூர்: எனக்கும் இதே கேள்விதான். பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கிறது. மூன்று வருஷத்துக் கீறலை எல்லாம் மொத்தமாகப் போட்டு வண்டியைப் புதுசாக்கிவிடலாமா?

மேலே புதுவயலுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

புதுவயல்: மூன்று வருஷமாகப் பிரீமியம் கட்டுகிறேன். ஒரு பைசா திரும்ப வாங்கியதில்லை. ஒரு கதவுக்குப் பெயின்ட் அடித்தால் கம்பெனி முழுகிவிடுமா? நீங்கள் கம்பெனி பக்கம், அதனால் இப்படிப் பேசுகிறீர்கள்.

கண்டனூர்: அதானே! ஊரே செய்கிறது. சர்வேயர் வந்து அஞ்சு நிமிஷம் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார். அவருக்கு எப்படித் தெரியும்?

ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இதில்தான் நம் ஊர் ஆட்கள் அநியாயமாகப் பணத்தை இழக்கிறார்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். புதுக் கீறலின் ஓரத்தில் பெயின்ட் கூர்மையாக நிற்கும், நகத்தால் சுரண்டினால் உதிரும். பழைய கீறலில் ஓரம் மழுங்கியிருக்கும், உள்ளே செம்மண் இறுகியிருக்கும். வாட்டர் சர்வீஸ் செய்துவிட்டுக் கொண்டுவந்தாலும் கோட்டுக்குள் இருக்கும் அந்தச் சிவப்பு நீங்காது. தகரம் வெளியே தெரிந்தால் ஒரு மழைக்காலத்திலேயே துரு பிடித்துவிடும். அப்புறம் திசை. முன்னால் போய் டிரெய்லரில் இடித்த வண்டிக்குப் பின் கதவில் எப்படிக் கீறல் விழும்? டிரெய்லரின் பின்பலகை எந்த உயரத்தில் இருக்கிறது, உங்கள் கண்ணாடி எந்த உயரத்தில் இருக்கிறது? இடித்த வண்டியின் பெயின்ட் உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும், அந்த நிறம் ஒத்துப்போக வேண்டும். இதைப் பார்க்க அஞ்சு நிமிஷம் தாராளம்.

கண்டுபிடித்தால் பழைய கீறலை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். சில நேரம் அப்படி முடியும். ஆனால் பொய் சொல்லிக் கேட்டதாகப் பதிவானால் மொத்த கிளெய்மையும் மறுக்க பாலிசியில் இடம் இருக்கிறது. மூன்று வருஷம் கட்டியவருக்கு, நியாயமாக வர வேண்டிய ஹெட்லைட் பணமும் போய்விடும். கிளெய்ம் ஃபாரத்தில் கையெழுத்து உங்களுடையது, வொர்க்‌ஷாப்காரருடையது இல்லை. அவருக்கு வேலை கிடைத்தால் சரி, கம்பெனி மறுத்தால் பில்லைக் கட்டுவது நீங்கள்.

நான் கம்பெனி பக்கம் இல்லை. சர்வேயர் லைசன்ஸ் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொடுப்பது. மாற்ற வேண்டிய பாகத்தை ரிப்பேர் செய்தால் போதும் என்று கம்பெனி சொல்லும்போது, முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்று வண்டிக்காரருக்காக எழுதியிருக்கிறேன். அப்படி எழுத, நீங்கள் சொன்னது உண்மையாக இருந்தால்தான் எனக்கு வாய் வரும்.

இதே இனத்தில் இன்னொன்று. இந்த வருஷம் கிளெய்ம் வாங்கிவிட்டு, ரினியூவலில் வேறு கம்பெனிக்குப் போய் போனஸ் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பழைய கம்பெனியில் விசாரித்தால் தெரிந்துவிடும். அடுத்த பெரிய விபத்தில் அதைக் காட்டியே மறுப்பார்கள்.

குன்றக்குடி: சைக்கிளில் வந்த பெரியவர் மேல் லேசாகத் தட்டிவிட்டது. முழங்காலில் சிராய்ப்பு. 2,000 கொடுத்தோம், வாங்கிக்கொண்டு போய்விட்டார். வண்டியில் சின்ன டென்ட்தான். கிளெய்ம் போடாமல் விட்டுவிடலாம் அல்லவா?

டென்டை விட்டுவிடுங்கள். அந்தப் பெரியவரை விடாதீர்கள். ஆளுக்கு அடி என்றால் போனஸ் கணக்கே பேசக்கூடாது. இன்றைக்கே போய்ப் பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள், வயதானவருக்கு உள்காயம் சில நேரம் மறுநாள்தான் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 134-ம் பிரிவுப்படி அடிபட்டவருக்கு சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டியவரின் கடமை, 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்வதும் கடமை. கம்பெனிக்கும் எழுத்தில் தகவல் கொடுங்கள். தகவல் கொடுத்ததாலேயே போனஸ் போகாது. மாதக்கணக்கில் கழித்து நஷ்டஈடு கேட்டு வழக்கு வந்தால் தேர்டு பார்ட்டி பாலிசிதான் உங்களுக்காக நிற்கும்.

கானாடுகாத்தான்: அரண்மனை பார்க்க வருகிறவர்களை என் சொந்தக் காரில் ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று கூட்டிப்போவேன், வாடகைக்குத்தான். அப்படிப் போகும்போது ஒரு சின்ன உரசல். கிளெய்ம் போடலாமா?

சொந்த உபயோக பாலிசியில் வாடகை ஓட்டம் சேராது. கிளெய்ம் மறுக்கப்படலாம். இந்த உரசலைக் கைக்காசில் பார்த்துவிட்டு, முதல் வேலையாக வண்டியை டி போர்டுக்கு மாற்றி அதற்கான பாலிசி எடுங்கள். உரசல் 5,000 ரூபாய் விஷயம். வண்டியில் இருக்கிற விருந்தாளிக்கு ஒன்று ஆனால் வீடு வாசலை விற்க வேண்டி வரும்.

பள்ளத்தூர் ஆச்சி: நாங்கள் சிங்கப்பூரில். கார் வீட்டில் கவர் போட்டு நிற்கிறது. பாலிசி முடிந்து நாலு மாதம் ஆகிறது. பழைய போனஸ் கிடைக்குமா?

கிடைக்காது ஆச்சி. முடிந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் ரினியூ செய்திருக்க வேண்டும். இப்போது வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் புது பாலிசி கொடுப்பார்கள். அதுவரை ரோட்டில் எடுக்க வேண்டாம். காரை விற்பதாக இருந்தால் அடுத்த முறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: போனஸ் வண்டிக்கு இல்லை, உங்களுக்கு. கம்பெனியில் கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் காருக்குப் பயன்படுத்தலாம்.

அரியக்குடி: கதவில் டென்ட். கிளெய்ம் போடலாமா?

எஸ்டிமேட் எவ்வளவு? போனஸ் எத்தனை சதவீதம்? வண்டிக்கு வயது என்ன?

திருப்பத்தூர்: ஜல்லி லாரியிலிருந்து கல் தெறித்து முன் கண்ணாடி போச்சு. 8,000. போனஸ் 50%.

கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை, 1,000 போக 7,000 வரும். ஆனால் கண்ணாடி கிளெய்மும் போனஸைத் தின்னும். கோட்டையூர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஓடி பிரீமியம் 5,600-க்கு மேல் என்றால் கைக்காசுதான் லாபம்.

புதுவயல்: சரி அண்ணே. பின் கதவை விட்டுவிடுகிறேன். முன்பக்கம் மட்டும் போட்டால் எனக்கு லாபமா? பம்பர் 7,000, ஹெட்லைட் 9,000, கூலி 3,000, பெயின்டிங் 5,000. இப்போது போனஸ் 25%. ஓடி பிரீமியம் போனஸுக்கு முன் 8,000. வண்டி 1,200 சிசி, பம்பர் டு பம்பர் இல்லை.

இப்படிக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். பம்பர், ஹெட்லைட்டில் பாதி 8,000. கூலி 3,000. பெயின்டிங் 4,375. கழிவு 1,000 போக 14,375 கைக்கு வரும். கிளெய்ம் இல்லை என்றால் போனஸ் 35, 45, 50, 50, 50 என்று போகும், போட்டால் 0, 20, 25, 35, 45. நீங்கள் விடுவது 35, 25, 25, 15, 5 சதவீதம், கூட்டினால் 105. 8,000-க்கு 8,400. ஏறக்குறைய 6,000 மிச்சம், போடுங்கள். வொர்க்‌ஷாப்பில் எதையும் கழற்றும் முன் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். சர்வேயர் வரும்போது உடைந்த ஹெட்லைட் வண்டியிலேயே இருக்கட்டும். இன்னொன்று: போனஸ் எப்படியும் பூஜ்யமாகிவிட்டதால், இதே பாலிசி வருஷத்தில் இன்னொரு அடி பட்டால் போனஸில் மேலும் இழக்க எதுவும் இல்லை. அப்போது கட்டாயக் கழிவையும் தேய்மானத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் போதும்.