அப்பாவின் நாளை மரபணு பரிசோதனை சொல்லுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 67 வயது, ஹீமோகுளோபின் 7.2. எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து எம்.டி.எஸ். என்றார்கள். மாதம் ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றுகிறோம், இரும்புச்சத்து மாத்திரையும் கொடுக்கிறோம். மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனை செய்தால் எவ்வளவு நாள் இருப்பார் என்று தெரிந்துவிடுமாம். மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுப் பணம் புரட்டலாமா? ரிப்போர்ட் இணைத்துள்ளேன்.

பதில்: அதற்காகத் தோப்பைத் தொட வேண்டாம்.

எம்.டி.எஸ். என்பது மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக விளையாத நோய். மரபணுவில் எழுத்துப்பிழை உண்டா என்று பார்ப்பது மியூட்டேஷன் பரிசோதனை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் வெளிப்பாடு. உங்கள் தோப்பிலேயே ஒரு கிளை தளிர்விடும்போது இன்னொன்று பூத்திருக்குமே, மரம் ஒன்றுதான். அப்படித்தான் இதுவும். இந்த வெளிப்பாட்டுக்கும் நோயின் போக்குக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சிகிச்சையை முடிவு செய்ய நாங்கள் அன்றாடம் கேட்பது அதையல்ல.

நாங்கள் பார்ப்பது குரோமோசோம், மஜ்ஜையில் முதிராத அணுக்களின் சதவீதம், ஹீமோகுளோபின், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு, கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வெள்ளையணு ஆகியவற்றின் எண்ணிக்கை. இவற்றை வைத்து நோயின் ஆபத்தைக் கணிக்க 2012-இல் வந்த மதிப்பெண் முறை இது. 2022-இல் 31 மரபணுக்களின் மியூட்டேஷனையும் சேர்த்து இன்னொன்று வந்தது. எஸ்.எஃப்.3பி1 என்ற மரபணு மாறியிருந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி, டி.பி.53 என்ற மரபணு இரண்டு பிரதியிலும் கெட்டிருந்தால் கவலைக்குரியது. 2012 முறையில் மிகக் குறைந்த ஆபத்துப் பிரிவின் இடைநிலை ஆயுள் 8.8 ஆண்டு, மிக அதிக ஆபத்தில் 0.8. பாதிப்பேர் அதைத் தாண்டியும் வாழ்ந்தார்கள் என்று அர்த்தம். அதுவும் நோயின் போக்கை மாற்றும் சிகிச்சை எடுக்காதவர்களின் கணக்கு. அப்பாவின் நாளை அதில் எண்ணாதீர்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்கத்தான் மதிப்பெண்: ஆபத்து குறைவு என்றால் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசியிலேயே ரத்தம் ஏற்றுவது குறையலாம், அதிகம் என்றால் அசாசிடிடின் போன்ற மருந்துகள்.

ரிப்போர்ட்டில் பி12 அளவைத்தான் முதலில் தேடினேன். இல்லை. பி12 குறைந்தாலும் மஜ்ஜை இதேபோல் தோன்றும். ஊசி போட்டால் சரியாகிவிடும். குரோமோசோம் முடிவும் இல்லை. ரத்தநோய் மருத்துவரிடம் இவ்விரண்டையும் கேளுங்கள், அப்புறம்தான் மியூட்டேஷன்.

அந்த இரும்பு மாத்திரை எதற்கு என்றும் கேளுங்கள். ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அது வெளியேற வழியில்லாமல் கல்லீரலிலும் இதயத்திலும் தங்கும். இரும்புக் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தாலொழிய மாத்திரை வேண்டாம். அதற்காகச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடட்டும்.

இந்த நோயில் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் குறையலாம் என்பதால், காய்ச்சல் அடித்தால் மட்டும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய், எம்.டி.எஸ். நோயாளி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.