கிழவியின் தக்களி: வாசகர் கேள்வி பதில்

சிசிலித் தீவில் உள்ள செலினுந்தே கோயில் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன.

செலினுந்தே இத்தாலியில்தானே இருக்கிறது? அங்கே கிரேக்கர்களுக்கு என்ன வேலை? (வாசகி, ஈரோடு)

இன்றைக்கு இத்தாலி. அன்றைக்குச் சிசிலியின் கரையோரம் பாதிக்குமேல் கிரேக்க ஊர்கள்தான். நல்ல விளைநிலம் தேடிக் கப்பலேறி வந்தவர்கள். ஏதென்ஸுக்குப் பக்கத்தில் மெகாரா என்று ஓர் ஊர். அங்கிருந்து வந்தவர்கள் சிசிலியின் கிழக்கே மெகாரா ஹிப்லையாவை அமைத்தார்கள். நூறு வருடம் கழித்து அதன் பிள்ளைகள் மேற்கே போய் செலினுஸை அமைத்தார்கள். இன்றைய செலினுந்தேயின் கிரேக்கப் பெயர் அதுதான். ஆக, பேத்தி ஊர். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர்களில் துசிடிடீஸ் கணக்குப்படி கி.மு. 628, டியோடோரஸ் இன்னும் இருபது வருடம் முன்னால் தள்ளுகிறார்.

பெயர்தான் வேடிக்கை. செலினோன் என்றால் காட்டு செலரி. சூப்பில் போடுகிறோமே, அதன் காட்டுச் சொந்தம். ஊர்க்காரர்கள் அந்த இலையையே வெள்ளிக் காசில் அச்சடித்தார்கள். ஆனால் கிரேக்கர்கள் கல்லறைகளுக்கு அணிவிப்பதும் அதே செடியைத்தான். 'அவனுக்கு இனி செலரிதான் தேவை' என்பார்கள். நாம் 'பால் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி' என்கிறோமே, அந்த மாதிரி.

கோயில்களுக்கு ஏ, பி, சி என்று பெயர் போட்டிருக்கிறார்களாமே! சாமி பெயர் தெரியாதா? (வாசகர், காரைக்குடி)

பெரும்பாலும் தெரியாது. கல்வெட்டு கிடைத்தால்தானே சொல்ல முடியும்? 'ஈ' கோயில் ஹீரா தேவிக்கு உரியது என்பார்கள். 'ஜி'யில் ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது: எந்தெந்தத் தெய்வங்களால் போரில் வென்றோம் என்று ஒரு பட்டியல். ஸியூஸ், ஹெராக்ளிஸ், அப்போலோ, பொசைடன் என்று போகும் வரிசையில் ஃபோபோஸும் உண்டு. பயம்! எதிரிக்குப் பயத்தைக் கொடுத்த தெய்வத்துக்கும் நன்றி. இத்தனை பேர் இருப்பதால் 'ஜி' யாருடைய வீடு என்பதில் ஸியூஸா அப்போலோவா என்று இன்னும் வழக்கு ஓடுகிறது.

அவ்வளவு பெரிய தூண்களை எப்படிக் கட்டினார்கள்? நீங்கள் என்ஜினீயர் என்பதால் கேட்கிறேன். (வாசகர், மதுரை)

நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்தவன், இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

'ஜி' கோயில் சுமார் 110 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். சுற்றிலும் 46 தூண், ஒவ்வொன்றும் 16 மீட்டர் உயரம். ஐந்து மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கல்லாக வெட்டவில்லை. உருளை உருளையாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு அது கல் மலை. நடுவில் ஒரே ஒரு தூண் நிற்கிறது, அதுவும் 1832இல் தூக்கி நிறுத்தியது. உள்ளூரில் அதன் பெயர் 'கிழவியின் தக்களி'. வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

ஆனால் பதில் கோயிலில் இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, காவே தி கூசா என்ற கல்குவாரியில் இருக்கிறது. ஒலிவ மரங்களுக்கு நடுவே போகிறீர்கள். திடீரென்று தரையிலிருந்து ஒரு கல் உருளை எழுந்து நிற்கிறது, என்னைவிட உயரம். கிட்டே போனால் அடியில் இன்னும் பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாறைமேல் வட்டம் போட்டு, சுற்றிலும் ஓர் ஆள் ஒடுங்கி நின்று உளி பிடிக்கிற அகலத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். நான் அதற்குள் இறங்கிப் பார்த்தேன். இரண்டு தோளும் உரசுகிறது. சுவரில் உளித்தடம் சாய்வாக, வரிசையாக, விரல் வைத்தால் பதிகிறது. வேலை ஆள் வலது கைக்காரன் என்று நானே முடிவு செய்துகொண்டேன்!

பக்கத்தில் ஒன்று, வெறும் வட்டக்கோடு மட்டும் போட்டது. இன்னொன்று பாதி ஆழம். வெட்டி முடித்துத் தயாராக நிற்பது வேறொன்று. ஊருக்குப் போகிற வழியிலேயே சில உருளைகள் கிடக்கின்றன. வேலையின் ஒவ்வொரு கட்டமும் வரிசையாக இருக்கிறது. காசு தீர்ந்து நின்ற சைட், கோர்ட் தடையால் நின்ற சைட் எல்லாம் பார்த்திருக்கிறேன். கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். இது அந்த வகை இல்லை. 'ஜி' கோயில் வேலை நூறு வருடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது, கி.மு. 409இல் ஊரே போய்விட்டது.

அப்படி என்ன நடந்தது? கோயில்களை இடித்தது யார்? (வாசகி, சேலம்)

இரண்டு கேள்வியாகப் பிரித்துக்கொள்கிறேன்.

ஊரை அழித்தது கார்த்தேஜ், கடலுக்கு அந்தப் பக்கம் வட ஆப்பிரிக்காவில் இருந்த வல்லரசு. வடக்கே செகெஸ்தா என்ற ஊரோடு செலினுஸுக்கு ஓயாத எல்லைத் தகராறு. செகெஸ்தா முதலில் ஏதென்ஸைக் கூப்பிட்டது. அந்தப் பெரும்படை சிசிலியிலேயே நாசமாகி முடிந்தது. அடுத்து கார்த்தேஜைக் கூப்பிட்டது. வந்த தளபதி ஹன்னிபால். யானையோடு ஆல்ப்ஸ் தாண்டியவர் இல்லை, அவருக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முந்தியவர். சுமார் பத்து நாளில் மதில் விழுந்தது. பெண்கள் கூரைமேல் ஏறிக் கல்லும் ஓடும் எறிந்தார்கள். இறந்தவர் 16,000, பிடிபட்டவர் 5,000, அக்ரகாஸ் என்ற இன்னொரு கிரேக்க ஊருக்குத் தப்பியவர் 2,600 என்று எழுதுகிறார் டியோடோரஸ். கோயிலுக்குள் ஒளிந்த பெண்களை மட்டும் கொல்லாமல் விட்டார்களாம். இரக்கம் இல்லை, அந்தப் பெண்கள் உயிர் பயத்தில் கோயிலுக்குத் தீ வைத்துவிட்டால் உள்ளே இருக்கும் பொக்கிஷம் கொள்ளைக்குக் கிடைக்காதே என்ற கணக்கு.

ஆனால் தூண்களைச் சாய்த்தது பெரும்பாலும் பூகம்பம். பல நூற்றாண்டு கழித்து, 'சி' கோயில் வளாகத்தில் ஜனங்கள் வீடு கட்டிக் குடியிருந்த காலத்தில், அந்த வீடுகள்மேலேயே தூண்கள் விழுந்திருக்கின்றன. உருளைகள் வரிசை கலையாமல், வெட்டி வைத்த வாழைத்தண்டு மாதிரி படுத்திருக்கின்றன.

செகெஸ்தாவில் கிரேக்கப் பாணியில் கட்டிய கோயில் ஒன்று 36 தூணோடு இன்னும் முழுசாக நிற்கிறது. அதுவும் கூரை போடாமல் பாதியில் விட்டதுதான். வழக்கில் ஜெயித்தவன் வீடும் பால் காய்ச்சவில்லை.

'ஈ' கோயிலை 1950களில் மறுபடி நிறுத்தியது சரியா? (வாசகர், புதுச்சேரி)

1956–59இல் நிறுத்தினார்கள், அப்போதே சண்டை நடந்தது. உடைந்த இடங்களைக் கான்கிரீட் வைத்து ஒட்டியதைப் பார்த்து எனக்கும் முகம் சுளித்தது. ஆனால் தூண்களுக்கு நடுவே நின்றபோது, படுத்த கல்லில் தெரியாத ஒன்று தெரிந்தது: இடைவெளி. அதற்காக 'ஜி'யையும் தூக்கி நிறுத்தலாம் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அங்கே போனால் தவறவிடக் கூடாதது எது? (வாசகி, நாகர்கோவில்)

நல்ல செருப்பு, தண்ணீர் பாட்டில். நிழலே இல்லை. அப்புறம், சிற்பங்கள் அங்கே இல்லை, பலெர்மோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் 'சி' கோயில் சிற்பம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஹெராக்ளிஸ் இரண்டு திருட்டுப் பயல்களைக் கழியில் தலைகீழாகக் கட்டித் தோளில் தூக்கிப் போகிறார். ஆளைத் தலைகீழாகச் செதுக்கியவன், சடையை மறக்காமல் தரையைப் பார்த்துத் தொங்க விட்டிருக்கிறான்.