செயின், தைங், மைல்: உளுந்து விதைக்க வயல் எத்தனை ஏக்கர்?

கேள்வி: வணக்கம் சார், நாங்க மியான்மர்ல பகோ பக்கம், நெல் அறுத்துட்டு உளுந்து தெளிக்கப் போறோம். அப்பா வச்சிருந்த பழைய பேப்பர்ல வயல் நீளம் 6 செயின் 40 லிங்க், அகலம் 3 செயின் 75 லிங்க்னு இருக்கு. விதைக் கடையில ஒரு செயின் நூறு அடினு சொல்லி அஞ்சரை ஏக்கர்னு கணக்குப் போட்டாங்க, அப்பா ரெண்டரைக்கு உள்ளதாம்பாரு. வாய்க்கால் கால் தைங் தூரம், அது எத்தனை மைல்? ஹோஸ் வாங்கணும்.

பதில்: தம்பி, அப்பா சொன்னதுதான் சரி. நூறு அடி செயின்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது, ஆனா அது ரோடு போடுற இன்ஜினியருங்களோடது, நிலத்துக்கு 66 அடி செயின்தான், அதுல 100 லிங்க், 80 செயின் சேர்ந்தா ஒரு மைல். நீளத்தையும் அகலத்தையும் செயின்லயே பெருக்கிப் பத்தால வகுத்தா நேரா ஏக்கர் வந்துடும், அடிக்கு மாத்தவே வேணாம். 6.40 பெருக்கல் 3.75, 24, அப்போ 2.4 ஏக்கர். (6 செயின் 5 லிங்க்னு எங்கயாவது இருந்தா அது 6.05, 6.5னு போட்டுறாதீங்க, பாதிப் பேரு இங்கதான் கோட்டை விடுறாங்க.)

நம்பிக்கை வரலைன்னா க்வின் மேப்ல, அதாவது வயல் எல்லை காட்டுற சர்வே மேப்ல, ஸ்கேல் வச்சுப் பாருங்க. அதுல 16 இஞ்ச் ஒரு மைல், அதாவது ஒரு இஞ்ச்சுக்கு 5 செயின். உங்க வயல் நீளம் ஒண்ணேகால் இஞ்ச்சுக்குச் சொச்சம், அகலம் முக்கால் இஞ்ச் இருக்கணும். கடைக்காரர் கணக்குனா நீளம் ரெண்டு இஞ்ச்சுக்கிட்ட வரும். ஜெராக்ஸ் காப்பில அளக்காதீங்க, சுருங்கியிருக்கும்.

தெளிக்கிறதுக்கு ஏக்கருக்கு 12 கிலோனு வச்சா 29 கிலோ போதும். அஞ்சரை ஏக்கர் விதைய இதுல கொட்டினா செடி நெருக்கியடிச்சு இலைதான் மண்டும், காய் பிடிக்காது, சாம்பல் நோயும் சேர்ந்து வரும்.

ஒரு தைங் ஆயிரம் தா, ஒரு தா ஏழு முழம், பத்தரை அடி. ஆக தைங் 10,500 அடி, ரெண்டு மைலுக்கு 60 அடிதான் குறைச்சல். கால் தைங்னா 2,625 அடி, அரை மைல்னே வச்சுக்கலாம். ஆனா ஊர்ல கால் தைங்னு சொல்றது பெரும்பாலும் கண்மதிப்புதான், அளந்து பார்க்காம ஹோஸ்ல காசு போடாதீங்க. அதுவும் உளுந்துக்குன்னா இப்போ ஹோஸே தேவையில்ல தம்பி, நெல்லு விட்டுட்டுப் போற ஈரத்துலயே வந்துடும், மண்ணு காயறதுக்குள்ள விதைச்சிடுங்க, பூ எடுக்குறப்ப வயல் வெடிச்சுக் கிடந்தா மட்டும் வாடகைக்குப் பம்பு பிடிச்சு ஒரு தண்ணி விட்டாப் போதும்.