டிவி பாயின்டை இடம் மாற்றும் முன்

கேள்வி: ஹாலில் இருக்கும் டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்றுகிறோம். படுக்கையறையிலும் ஒரு பாயின்ட் வேண்டும். மாடியில் ஒரே ஆன்டெனாதான். பார்க்க வந்த ஒருவர், "பழைய பாயின்டிலேயே ஜாயின்ட் போட்டு ரெண்டுக்கும் இழுத்துவிடலாம்" என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் புதிதாக இழுக்கச் சொல்லி இரண்டு மடங்கு கூலி கேட்கிறார். யாரிடம் கொடுப்பது?

பதில்: கூலியைப் பேசுவதற்கு முன் இருவரிடமும் ஒன்று கேளுங்கள்: "படுக்கையறைக்கு லைனை எங்கிருந்து பிரிப்பீர்கள்?"

ஹால் டிவியை நகர்த்த மட்டும் ஜாயின்ட் போதும். ஆனால் இரண்டு முனையிலும் திருகும் கனெக்டர் போட்டு, நடுவில் இணைப்பான் வைத்து, பிறகு திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் அது இருக்க வேண்டும். கம்பியை முறுக்கி டேப் சுற்றி, மேலே சிமென்ட் பூசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படுக்கையறைக்கு அப்படி முடியாது. இரண்டாகப் பிரிக்க ஸ்பிளிட்டர் வேண்டும். அதன் ஒவ்வொரு வாயிலும் சுமார் 3.5 டெசிபல் குறையும். அதாவது வந்த சிக்னலில் பாதிக்கும் சற்றுக் குறைவுதான் ஒரு டிவிக்குப் போகும். நான்கு வழி என்றால் சுமார் 7 டெசிபல். பின்னால் உதவும் என்று பெரியதாக வாங்கிவிடாதீர்கள், பயன்படாத வாய்களுக்கும் சிக்னல் பங்கு பிரிந்து வீணாகும். ஆன்டெனா கேபிள் வீட்டுக்குள் இறங்கும் இடத்தில் ஸ்பிளிட்டரை வைத்து, அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனி லைன் போவதுதான் சரி. ஒரு பாயின்டிலிருந்து அடுத்ததற்குத் தொடுத்துக்கொண்டே போனால் கடைசி டிவிதான் அடி வாங்கும். டிஜிட்டல் ஒளிபரப்பில் படம் மெல்ல மங்காது. ஒரு கட்டம் வரை நன்றாக இருந்துவிட்டு, திடீரென்று கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

அதனால் மாடியிலிருந்து இறங்கும் கேபிள் நன்றாக இருந்தால் அதை மாற்ற வேண்டாம். பிரியும் இடத்திலிருந்து படுக்கையறைக்கு மட்டும் புது லைன் கேளுங்கள். கூலி இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும்.

கேபிளை நீங்களே பார்த்து வாங்குங்கள். 75 ஓம், ஆர்ஜி-6 என்று உறையில் அச்சிட்டிருக்கும். ஒரு துண்டை உரித்துப் பாருங்கள்: நடுக்கம்பி, வெள்ளை நுரை, அதன் மேல் அலுமினியத் தாள், அப்புறம் பின்னல் வலை. வலை நெருக்கமாக இருக்க வேண்டும்; ஊடே தாள் பளபளவென்று நிறையத் தெரிந்தால் மலிவுச் சரக்கு. கனெக்டர் மாட்டும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். வலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலே சிக்னல் போய்விடும்.

கேள்வி: சிக்னல் குறைந்தால் பூஸ்டர் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அதனால் டிவி பக்கத்தில் வைத்தால் பெரிய பலன் இருக்காது. ஆன்டெனா அருகில், சிக்னல் கேபிளில் தேயும் முன் வைக்க வேண்டும். அப்படி ஏற்கெனவே மேலே ஒன்று இருந்தால் அதற்கு மின்சாரம் கேபிள் வழியாகத்தான் போகிறது. எங்கள் வீட்டில் டிவியை நகர்த்தியபோது அதன் சின்ன அடாப்டரைப் பழைய இடத்திலேயே கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு சேனலும் வரவில்லை. இரண்டு நாள் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். உங்களுக்கும் ஸ்பிளிட்டர் வந்தால், மின்சாரத்தைக் கடத்தும் வாய் உள்ளதாகக் கேட்டு வாங்கி, அடாப்டர் இருக்கும் லைனை அந்த வாயில் மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: டிஷ் லைனையும் இதே ஸ்பிளிட்டரில் பிரிக்கலாமா?

பதில்: கூடாது. செட்டாப் பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு, செங்குத்தாக அதிரும் அலையில் வரும் சேனல்கள் வேண்டுமா, கிடையாக அதிரும் அலையில் வரும் சேனல்கள் வேண்டுமா என்று சொல்கிறது. ஒரே கேபிளில் இரண்டு பாக்ஸ் ஆளுக்கு ஒன்று கேட்டால் ஒன்றில் சில சேனல்கள் காணாமல் போகும். இரண்டு வாய் உள்ள எல்என்பியும், ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிக் கேபிளும் வேண்டும்.

கேள்வி: கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே டிவி கேபிளை விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உறை பழுதானால் டிவி கேபிளில் மின்சாரம் பாயும். தனிப் பைப் போடுங்கள். சுவரை வெட்டும்போதே அதில் ஒரு இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து இழுத்துவிடுங்கள், மறுபடி சுவரை உடைக்க வேண்டாம்.